சென்னைல இருந்து புனேவுக்கு வீடு மாத்துறீங்களா? லாரி பேசுறதுக்கு முன்னாடி கைக்காசைக் கணக்கு போடுங்க

சென்னைல வீட்டைக் காலி பண்ணிட்டு புனே போறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது லாரிக்கு எவ்வளவு ஆகும்னு தான். கேக்க வேண்டியது தான், ஆனா மூச்சு முட்டுறது அந்த இடத்துல கிடையாது. புது வீட்டு டெபாசிட், புரோக்கர் கமிஷன், முதல் மாச வாடகை இதெல்லாம் ஒரு டப்பா கூட கட்டுறதுக்கு முன்னாடியே குடுத்தாகணும், சென்னை வீட்டு அட்வான்ஸ் என்னன்னா நீங்க காலி பண்ணி சாவியக் குடுத்து ஹவுஸ் ஓனர் வந்து செவுரெல்லாம் பாத்து பெயிண்ட்டுக்குன்னு ஒரு தொகையப் புடிச்சுட்டு அப்புறம் தான் கைக்கு வரும், புது கம்பெனி சம்பளம் அதுக்கும் பின்னாடி. நடுவுல ஒரு அஞ்சாறு வாரம் காசு வெளிய போயிட்டே இருக்கும், உள்ள எதுவும் வராது. இந்த அஞ்சாறு வாரத்துக்குத் தான் பட்ஜெட் போடணும்.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். உங்க ஊர் ரேட்டுக்கு நம்பர மாத்திக்கோங்க. சென்னைல வாடகை 20,000, அட்வான்ஸ் ஆறு மாசம், அதாவது 1,20,000 ஓனர் கிட்ட இருக்குன்னு வைங்க. புனேல வாடகை 26,000, டெபாசிட் மூணு மாசம் 78,000, புரோக்கருக்கு ஒரு மாசம் 26,000, முதல் வாடகை 26,000. இதுலயே 1,30,000 போயிடுச்சு. சாமானக் கட்டி லாரில கொண்டு போய் சேர்க்குற பேக்கர்ஸ்காரர் 50,000 சொல்றார், மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 9,000, ஆக 59,000. ட்ரெயின் டிக்கெட், முதல் வாரம் வெளிச்சாப்பாடு, ஒரு ரெண்டு நாள் ரூம் இதுக்கு 15,000. ஏசி கழட்டி மாட்ட, கட்டில் அலமாரி பூட்ட, கேஸ் டெபாசிட், பக்கெட் துடைப்பம் கர்ட்டன் கம்பின்னு சில்லறைச் செலவு இன்னொரு 15,000. கூட்டுனா 2,19,000. இதுக்கு மேல பத்து பர்சென்ட் எதிர்பாராததுக்குன்னு ஒதுக்குனா கிட்டத்தட்ட 2,40,000 கையில இருக்கணும். இதுல 78,000 டெபாசிட், அது செலவு இல்ல, என்னிக்காவது திரும்பி வரும், சென்னை அட்வான்சும் வரும். ஆனா கிளம்புற அன்னிக்கு அதெல்லாம் உங்க அக்கவுண்ட்ல இருக்காதே. வரப்போற காசையும் இருக்குற காசையும் ஒரே வரிசைல எழுதுறவங்க தான் கடைசி வாரத்துல பர்சனல் லோனுக்கு ஓடுறாங்க, அதனால பேப்பர்ல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வரிசை போடுங்க, ஒண்ணுல தேதி வாரியா வெளிய போறது, இன்னொண்ணுல தேதி வாரியா உள்ள வர்றது.

இந்த இடைவெளியக் குறைக்க நல்ல வழி ஒண்ணு இருக்கு. நோட்டீஸ் குடுக்கும்போதே ஹவுஸ் ஓனர் கிட்ட "சார், கடைசி ரெண்டு மாச வாடகைய அட்வான்ஸ்லயே கழிச்சுக்கோங்க, மிச்சத்த சாவி குடுக்குற அன்னிக்கு குடுத்துடுங்க"ன்னு தன்மையா கேளுங்க. நிறைய பேர் ஒத்துக்குவாங்க, அவங்களுக்கும் மொத்தமா பெரிய தொகை பொரட்டுற கஷ்டம் குறையுது. மேல போட்ட கணக்குல இது ஒண்ணே 40,000 ரூபாய உங்க கையில நிறுத்தும். பெயிண்ட்டுக்கு எவ்வளவு புடிப்பாங்கன்னும் அப்பவே பேசிடுங்க, பேசுனத வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜா போட்டு வச்சுக்கோங்க. இபி பில்லுக்கு காலி பண்ற அன்னிக்கு மீட்டர ஃபோட்டோ எடுத்து அதையும் அனுப்பிடுங்க, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வர்ற பில்லுங்கிறதால பின்னாடி பேச்சு வரும்.

எப்ப போறது

ஏப்ரல் மே ரெண்டும் தான் கூட்டம். பிள்ளைங்க ஸ்கூல் லீவுன்னு எல்லாரும் அப்பத் தான் மாறுவாங்க, லாரி ரேட்டும் ஏறும், வேலைக்கு ஆளும் கிடைக்காது. அதுலயும் மாசக் கடைசி, மாச முதல் தேதி, சனி ஞாயிறு இன்னும் ஜாஸ்தி. பத்தாம் தேதில இருந்து இருவதாம் தேதிக்குள்ள ஒரு செவ்வாயோ புதனோ கிடைச்சா ரேட்ட நல்லாவே பேசலாம். ஆடியிலயும் மார்கழியிலயும் நம்மூர்ல யாரும் புது வீட்டுக்குப் போக மாட்டாங்க, அதனால சென்னைல இருந்து கிளம்புற வண்டிக்கு அப்ப டிமாண்டு கம்மி. வீட்ல பெரியவங்க மனசு சங்கடப்படும்னா ஆனி முடியுறதுக்குள்ள ஒரு நல்ல நாள்ல ஒருத்தர் மட்டும் புனே போய் பால் காய்ச்சி வெளக்கேத்தி வச்சுட்டு வந்துடலாம், சாமான் அப்புறம் போகட்டும். ஆனா ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் புனேல நல்ல மழை, அப்ப போறதா இருந்தா மெத்தை, சோபா, துணி டப்பா எல்லாத்துக்கும் பிளாஸ்டிக் சுத்தணும்னு கொட்டேஷன்லயே எழுத வைங்க.

பிள்ளைங்க இருந்தா ஸ்கூல் தான் தேதிய முடிவு பண்ணும். சிபிஎஸ்இ ஏப்ரல்ல ஆரம்பிச்சிடும், மகாராஷ்டிரா ஸ்டேட் போர்டு ஜூன் நடுவுல. 2020ல வந்த சட்டப்படி அங்க எல்லா போர்டு ஸ்கூல்லயும் மராத்தி ஒரு பாடமா இருக்கு, அதனால ஆறாவது ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு ஒரு டியூஷன் செலவையும் மாச பட்ஜெட்ல போட்டுக்கோங்க. டிசி வாங்கும்போது வேற மாநிலத்துக்குப் போறோம்னு சொல்லி வாங்குங்க, கல்வி அதிகாரி கையெழுத்து வேணுமான்னு புது ஸ்கூல்ல முன்னாடியே கேட்டுடுங்க. அதுக்காக ஒருக்கா சென்னைக்குத் திரும்பி வந்தா டிக்கெட் செலவு தனி.

எதை எடுத்துட்டு போறது, எதை விக்கிறது

ரோடு வழியா கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர். காஞ்சிபுரம், வேலூர், கிருஷ்ணகிரி, பெங்களூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர்னு என்எச் 48 நேரா புனேக்குள்ள கொண்டு போய் விடும். இவ்வளவு தூரத்துல லாரிக்காரர் பாக்குறது உங்க சாமான் எவ்வளவு எடம் அடைக்குதுன்னு தான். 14 அடி வண்டில அடங்க வேண்டிய ரெண்டு பெட்ரூம் வீடு, ஒரு பெரிய சோபாவாலயும் டைனிங் டேபிளாலயும் 17 அடி வண்டிக்குப் போயிடும். அதனால ஒவ்வொரு பெரிய சாமானையும் பாத்து, இத இங்க வித்தா என்ன கிடைக்கும், புனேல செகண்ட் ஹேண்ட்ல வாங்குனா என்ன ஆகும், கொண்டு போனா எவ்வளவு எடம் புடிக்கும்னு மூணும் கேளுங்க.

என் கருத்து என்னன்னா, இரும்பு பீரோ, தேக்கு கட்டில், நல்ல பித்தளைப் பாத்திரம் இதெல்லாம் எத்தன ஊர் மாறுனாலும் தாங்கும், கொண்டு போங்க. பிளைவுட் கூட இல்லாத, மரத்தூள அழுத்தி செஞ்ச பலகை அலமாரி இருக்கே, அத ஒருக்கா கழட்டிட்டா திரும்ப ஸ்க்ரூ புடிக்காது, ஓட்டை லூசாயிடும், அத இங்கயே குடுத்துடுங்க. பழைய இன்வெர்ட்டர் பேட்டரி ஆசிட் கசிஞ்சு பக்கத்துல இருக்குற துணி மெத்தை எல்லாத்தையும் அரிச்சிடும், ரெண்டு மூணு வருஷம் ஓடுனதுன்னா இங்கயே கடைல போட்டுட்டு அங்க புதுசு வாங்குறது மேல். ஆர்ஓ மெஷினையும் யோசிச்சு எடுங்க, கடக்வாஸ்லா அணைத் தண்ணி கார்ப்பரேஷன் குழாய்ல வர்ற ஏரியான்னா சென்னை போர் தண்ணி மாதிரி உப்பு கிடையாது, சாதா ஃபில்டரே போதும், ஆனா ஊருக்கு வெளிய புதுசா கட்டுன அபார்ட்மென்ட்ல டேங்கர் தண்ணியும் போர் தண்ணியும் தான் ஓடும், அங்க ஆர்ஓ வேணும். வீடு பாக்கப் போகும்போதே எந்தத் தண்ணின்னு வாட்ச்மேன கேளுங்க. கம்பளி ரஜாய் இருந்தா தூக்கிப் போடாதீங்க, டிசம்பர் ஜனவரி காலைல அங்க நெஜமாவே குளிரும்.

கிரைண்டர் விஷயத்துல கொஞ்சம் நிதானமா இருங்க, ஏன்னா பேக் பண்ண வர்ற பசங்க அதோட கல்லு எவ்வளவு கனம்னு யோசிக்காம அப்படியே பபிள் ஷீட் சுத்தி டப்பால வச்சிடுவாங்க, லாரி குலுங்குற குலுங்குல குழவி உள்ள உருண்டு டிரம்மோட விளிம்ப அடிச்சு நசுக்கிடும். மூடியக் கழட்டி, குழவிய தண்டோட வெளிய எடுத்து, ஒவ்வொண்ணையும் பழைய பெட்ஷீட்ல சுத்தி தனி சின்ன டப்பால வைங்க, டிரம்மத் தனியா தூக்கி உள்ள துணி அடைங்க, பெல்ட் இருக்குற அடிப்பாகம் தனி. டப்பா மேல மார்க்கர்ல 'கல்லு, அடில வைக்கவும்'னு பெருசா எழுதுங்க. புத்தகமும் இப்படித் தான், பெரிய டப்பால அடுக்குனா அடி கழண்டுடும், சின்ன டப்பால முக்கால் வரைக்கும் புத்தகம், மேல துணி.

ஃபிரிட்ஜ முந்தின நாளே ஆஃப் பண்ணி ஐஸ் உருக்கி தண்ணிய வடிச்சுத் தொடச்சுடுங்க, படுக்க வச்சு ஏத்தக்கூடாதுன்னு சொல்லுங்க, அங்க போனதும் சில மணி நேரம் சும்மா விட்டுட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க. ஃபிரன்ட் லோடு வாஷிங் மெஷினுக்கு வாங்கும்போது பின்னாடி நாலு போல்ட் இருந்திருக்கும், அதத் தேடி எடுத்து திரும்ப மாட்டுனா தான் டிரம் ஆடாம போகும், தொலைஞ்சிருந்தா சர்வீஸ் சென்டர்ல கேட்டு வாங்குங்க.

வண்டி பேசுறது

மூணு வழி இருக்கு. தனி லாரி எடுத்தா உங்க சாமான் மட்டும் தான், இங்க ஏத்துனா அங்க தான் இறக்கம், மூணு நாலு நாள்ல வந்துடும். பார்ட் லோடுன்னா நாலஞ்சு வீட்டு சாமான் ஒரே கன்டெய்னர்ல, கம்மி விலை, ஆனா குடோன்ல இறக்கி ஏத்துவாங்க, பத்து நாள் கூட ஆகலாம், அடியும் ஜாஸ்தி படும். மூணாவது ரிட்டர்ன் லோடு. மகாராஷ்டிரா வண்டி சென்னைல சரக்கு இறக்கிட்டு காலியா திரும்ப மனசில்லாம மாதவரம் பக்கம் லோடுக்குக் காத்துட்டு நிக்கும், அதப் புடிச்சா வாடகை நல்லாவே குறையும், ஆனா பேக்கிங், லோடுமேன், அங்க இறக்குறதுக்கு ஹமால் (அந்த ஊர் சுமை கூலி ஆளுங்க) எல்லாம் நீங்களே பாத்துக்கணும். சாமான் கம்மியா இருக்குற பேச்சிலருக்கும் தானே கட்டிக்க முடியுறவங்களுக்கும் இது ஒத்து வரும். சின்னக் குழந்தை, வயசானவங்க இருக்குற வீடுன்னா காசு கொஞ்சம் கூடப் போனாலும் தனி லாரியே எடுங்க, பத்து நாள் தரையில படுத்துக்கிட்டு கடைல சாப்பிட்டா மிச்சம் புடிச்ச காசு அதுலயே போயிடும்.

மூணு பேர் கிட்டயாவது கொட்டேஷன் வாங்குங்க, ஃபோன்ல சொல்ற ரேட்ட நம்பாதீங்க, ஆள நேர்ல வர வச்சு இல்ல வீடியோ கால்ல பரணை வரைக்கும் காட்டி எழுதி வாங்குங்க. எழுத்துல இருக்க வேண்டியது: பேக்கிங் சாமான், ஏத்துகூலி, இறக்குகூலி, டோல், ஜிஎஸ்டி, மாடி கூலி, கழட்டி மாட்டுறது, எந்த தேதிக்குள்ள டெலிவரி. இன்னொண்ணு நிறைய பேர் மறந்துடுறது, பெரிய வண்டிய ஊருக்குள்ள பகல் நேரத்துல விட மாட்டாங்க, சில சந்துக்குள்ள 17 அடி வண்டி திரும்பாது, அப்ப வெளிய நிறுத்தி டாடா ஏஸ்ல மாத்தி கொண்டு வந்து அதுக்குத் தனி காசு கேப்பாங்க. உங்க புது அபார்ட்மென்ட் வாசல் வரைக்கும் வண்டி வருமா, லிஃப்ட்ல சாமான் ஏத்த விடுவாங்களா, ஞாயித்துக்கிழமை அனுமதி உண்டா, சொசைட்டிக்கு, அதாவது அபார்ட்மென்ட் சங்கத்துக்கு, ஷிஃப்டிங் சார்ஜ் எவ்வளவுன்னு ஓனர் கிட்ட கேட்டு பேக்கர்ஸ்காரர் கிட்டயும் சொல்லிடுங்க.

எல்லாரும் 50,000 சொல்லும்போது ஒருத்தர் மட்டும் 22,000 சொன்னா தயவு செஞ்சு அங்க போகாதீங்க. சாமான் ஏறுன அப்புறம் நடுவழில நிறுத்திட்டு கூடக் காசு கேட்டு மிரட்டுறது இந்தத் தொழில்ல இருக்குற பழைய மோசடி. பேர் போன கம்பெனி பேர ஒரு எழுத்து மாத்தி வச்சுக்கிட்டு திரியுறவங்களும் உண்டு. பில்லுல இருக்குற ஜிஎஸ்டி நம்பர ஜிஎஸ்டி சைட்ல போட்டா யார் பேர்ல, எந்த அட்ரஸ்ல இருக்குன்னு வந்துடும், அந்த அட்ரஸுக்கு முடிஞ்சா ஒரு எட்டு நேர்ல போயிட்டு வாங்க. மொத்தப் பணத்தையும் முன்னாடி குடுக்காதீங்க. புக் பண்ணும்போது கொஞ்சம், ஏத்துன அப்புறம் ஒரு பங்கு, மிச்சம் சாமான் வீட்டுக்குள்ள வந்ததும்னு பேசிக்கோங்க, கம்பெனி அக்கவுண்ட்டுக்கு மட்டும் அனுப்புங்க.

லாரி கிளம்புறதுக்கு முன்னாடி எல்ஆர் (சாமான ஏத்திக்கிட்டதுக்கு லாரிக் கம்பெனி குடுக்குற ரசீது) காப்பி உங்க கையில இருக்கணும், வண்டி நம்பர், டிரைவர் நம்பரோட. வீட்டுல பயன்படுத்துன சாமானுக்கு இ-வே பில் (சரக்கு கொண்டு போக ஜிஎஸ்டி சைட்ல எடுக்குற பேப்பர்) தேவையில்ல, அதுக்குன்னு யாராவது தனியா காசு கேட்டா குடுக்காதீங்க. சாமான் லிஸ்ட்டுல ஒவ்வொரு டப்பாவுக்கும் நம்பர் போட்டு உள்ள என்ன இருக்கு, உத்தேச மதிப்பு என்னன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க, டிவி ஃபிரிட்ஜ் வாஷிங் மெஷின் மூணும் ஓடுறத வீடியோ எடுத்து வச்சுக்கோங்க. மதிப்பக் கம்மியா எழுதாதீங்க, உடைஞ்சா அந்த எழுதுன மதிப்புக்கு மேல கேக்க முடியாது. 2007ம் வருஷத்து சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி புக் பண்ண தேதில இருந்து 180 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் குடுத்தா தான் கேஸ் நிக்கும், அதனால சேதம் இருந்தா அன்னிக்கே டெலிவரி பேப்பர்ல எழுதி, மெயிலும் போடுங்க. இன்சூரன்ஸ்னு காசு வாங்குனா இன்சூரன்ஸ் கம்பெனி குடுத்த சர்டிஃபிகேட் உங்க பேர்ல வேணும்னு கேளுங்க, பேக்கர்ஸ்காரர் தன்னோட பில்லுல ஒரு வரி போட்டா அது இன்சூரன்ஸ் ஆகாது. ஏதும் சரியா வரலன்னா 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கு.

பைக், கேஸ், பேப்பர் வேலை

பைக்க லாரிலயே ஏத்தலாம், ரயில்லயும் அனுப்பலாம். ரயில்னா பார்சல் ஆபீஸ்ல ஆர்சி, இன்சூரன்ஸ், ஆதார் காப்பி கேப்பாங்க, டேங்க்ல சொட்டு பெட்ரோல் இருக்கக்கூடாது, சாக்கு வச்சு கட்டணும். வேற மாநில வண்டிய 12 மாசத்துக்கு மேல அங்க வச்சிருந்தா எம்எச்னு ஆரம்பிக்குற மகாராஷ்டிரா நம்பருக்கு மாத்தியாகணும். இங்க ஆர்டிஓல என்ஓசி (தடையில்லாச் சான்று), லோன் இருந்தா பேங்க் என்ஓசி, அங்க போய் ரோடு டேக்ஸ், அப்புறம் இங்க கட்டுன டேக்ஸ்ல மிச்ச காலத்துக்கு ரீஃபண்ட் கேக்கலாம், ஆனா அது மெதுவாத் தான் வரும், பட்ஜெட்ல வர்ற காசா எழுதாதீங்க. காருக்கு இந்தத் தொகை பெருசு, அதனால பழைய காரா இருந்தா வித்துட்டுப் போறதையும் யோசிங்க. நாலு மாநிலத்துலயாவது ஆபீஸ் இருக்குற தனியார் கம்பெனில வேலைன்னா எந்த மாநிலம் போனாலும் மாத்த வேண்டாத பிஎச் சீரிஸ் நம்பர் வாங்க முடியுமான்னு எச்ஆர் கிட்ட கேளுங்க, அடிக்கடி ஊர் மாறுறவங்களுக்கு அது பெரிய நிம்மதி.

கேஸ் சிலிண்டர லாரில ஏத்தவே கூடாது. ஏஜென்சில சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் திருப்பிக் குடுத்தா டெபாசிட்டும் ஒரு வவுச்சரும் தருவாங்க, அத வச்சு புனேல புது கனெக்ஷன், அங்க இன்னைய ரேட்ல டெபாசிட் கட்டணும், பழைய டெபாசிட் கம்மியா இருந்திருக்கும்னு நெனச்சு ஒதுக்குங்க. நிறைய அபார்ட்மென்ட்ல குழாய் கேஸ் இருக்கு, அங்க நம்ம அடுப்போட ஜெட்ட (கேஸ் வர்ற சின்ன ஓட்டை இருக்குற பாகம்) மாத்தாம பத்த வச்சா சரியா எரியாது, ஆள் வந்து மாத்தித் தர்ற வரைக்கும் ஒரு இண்டக்ஷன் அடுப்பு கையில இருக்கட்டும்.

புனேல வாடகை ஒப்பந்தத்த பதிவு பண்றது சட்டப்படி கட்டாயம், பெரும்பாலும் 11 மாசத்துக்குப் போடுவாங்க, ஏஜென்ட் வீட்டுக்கே வந்து கைரேகை வாங்கிட்டுப் போவார். அந்தப் பேப்பர் தான் கேஸுக்கும் ஆதார் அட்ரஸ் மாத்தவும் ஸ்கூல் அட்மிஷனுக்கும் எல்லாத்துக்கும் ஆதாரம், அதனால பதிவு பண்ணாத ஒப்பந்தத்துக்கு ஒத்துக்காதீங்க. கரண்ட் பில் அங்க மாசா மாசம் வரும், நம்மூர் மாதிரி 100 யூனிட் இலவசம் கிடையாது. வீடு ஆபீஸ் பக்கமா பாருங்க, ஹிஞ்சவாடில வேலை வச்சுக்கிட்டு வாடகை கம்மின்னு கராடில வீடு எடுத்தா தினமும் ஊரக் குறுக்க கடக்கணும், அந்த டிராஃபிக்ல மிச்சம் பண்ண வாடகை பெட்ரோலுக்கே போயிடும். வகாட், பானேர் பக்கம் பாக்கலாம். நம்மூர் மளிகைக்கு ராஸ்தா பேட் இருக்கு, ரொம்ப வருஷமா நம்ம ஜனங்க இருக்குற ஏரியா, இட்லி அரிசி மூட்டைய இங்க இருந்து தூக்காதீங்க.

கம்பெனி டிரான்ஸ்ஃபர்ல போறீங்கன்னா பேக்கிங், லாரி, குடும்ப டிக்கெட்டுக்குக் குடுக்குற காசுக்கு வரி கிடையாது, ஆனா பில்லும் எல்ஆரும் ஒரிஜினலா இருக்கணும். கம்பெனி முன்பணமா தருமா, செலவு பண்ணிட்டு கிளைம் பண்ணணுமான்னு கேட்டுக்கோங்க, ரெண்டாவதுன்னா அந்தத் தொகையும் முதல்ல உங்க கையில இருந்து தான் போகும், மேல சொன்ன ரெண்டு வரிசைலயும் தேதி மாறும்.

நகை, சர்டிஃபிகேட், பத்திரம், மருந்து, லேப்டாப் இதெல்லாம் லாரிக்குப் போகவே கூடாது, உங்க கூட ட்ரெயின்ல வரட்டும். தேர்ட் ஏசில ஒரு டிக்கெட்டுக்கு 40 கிலோ, செகண்ட் ஏசில 50 கிலோ வரைக்கும் இலவசமா கொண்டு போலாம், நாலு பேர் போனா அதுவே ஒரு வாரத்துக்கு வேண்டிய துணிமணி பாத்திரத்துக்குப் போதும். அதுல ஒரு பைய மட்டும் தனியா வைங்க: பால் காய்ச்ச ஒரு பாத்திரம், காமாட்சி வெளக்கு, திரி எண்ணெய், இண்டக்ஷன் அடுப்பு, நாலு தட்டு டம்ளர், குக்கர், ஒரு பாய், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்க்ரூ டிரைவர், பெரியவங்களோட பத்து நாள் மாத்திரை. லாரி ரெண்டு நாள் லேட்டானாலும் இத வச்சு ஓட்டிடலாம்.